தேரடிக் காற்றில் நின்ற பேச்சு

வெள்ளோடைப்பட்டியில் ஒருவர் பேசிய பேச்சு வாயை விட்டு இறங்கியதும் காற்றோடு போய்விடும் என்றுதான் எல்லாரும் நம்பியிருந்தார்கள். அந்தத் தைரியத்தில்தான் பெண் பார்க்க வந்தவர்கள் வாக்குக் கொடுத்தார்கள், ஓட்டுக் கேட்க வந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள், விழாக்குழுத் தலைவர்கள் மைக்கைப் பிடித்தார்கள். அப்படிப்பட்ட ஊரில், தேர் எப்போதோ எரிந்துபோய்ப் பெயர் மட்டும் மிஞ்சிய தேரடியில், தண்ணீர்க் குழாய்க்கும் கரண்ட் கம்பத்துக்கும் நடுவே, தையல்காரி முப்பிடாதி சொன்ன ஒரு பேச்சு மட்டும் போகாமல் அங்கேயே நின்றுகொண்டது. மறுநாள் விடிந்ததும் சைக்கிளில் பால் கேனோடு வந்த ஐயங்கண்ணுக் கோனார் காதில் அது விழுந்தது. இரண்டடி தள்ளிப் போனார், கேட்கவில்லை. திரும்பி வந்தார், முதல் வார்த்தையிலிருந்து கேட்டது, சட்டென்று காதைப் பொத்திக்கொண்டார். சரி என்று தலையை ஆட்டிக்கொண்டு, பால் ஊற்றுகிற வீட்டிலெல்லாம் "தேரடியில முப்பிடாதி பேச்சு நிக்கி, பாத்துப் போங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது என்ன பேச்சு என்று சொல்வதற்கு முன்னால் சுடலைமணி செத்த கதையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைச் சொல்லாமல் விடத்தான் ஊரே பாடுபட்டது. சுடலைமணி முப்பிடாதியின் புருசன், வயரிங் வேலைக்காரன். வருசா வருசம் வெள்ளோடையம்மன் சப்பரம் தெருவில் வரும்போது கவைக்கம்பால் வயர்களைத் தூக்கிப் பிடித்து, அம்மன் கிரீடத்தில் ஒரு நூல்கூட உரசாமல் வழிவிடுவது அவன் பொறுப்பு. அந்த வருசம் விழாக்குழுத் தலைவர் தளவாய், அதாவது மாடர்ன் ரைஸ்மில் தளவாய் அண்ணாச்சி, தேரடியில் தெருவை அடைத்து ஒரு விளக்கு வளைவு கட்டியிருந்தார். அதில் இந்தப் பக்கம் அம்மன், அந்தப் பக்கம் அம்மனைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தளவாய், இரண்டு பேரும் சீரியல் பல்பில் கண் சிமிட்டிக்கொண்டிருந்தார்கள். தெருக் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். வளைவுக்கு மட்டும் வாடகை ஜெனரேட்டர் ஓடியது. சப்பரம் நெருங்கியதும் சுடலைமணி, "அண்ணாச்சி, இத அணைக்கச் சொல்லுங்க, வயரு தாழக் கெடக்கு" என்று கத்தினான். தளவாய் மேலே பார்த்தார். அங்கே டிரோன் பறந்துகொண்டிருந்தது. "படம் எடுக்கான்லா, செத்தப் பொறுலே" என்றார். முந்தின நாள் மழை பெய்திருந்தது, கம்பு ஈரம். சுடலைமணி பொறுக்கவில்லை, அம்மன் கிரீடத்தில் வயர் படப் போகிறதே என்று தூக்கினான். தூக்கியவன் கீழே விழும்போது செத்துப்போயிருந்தான். வளைவு அப்போதும் கண் சிமிட்டிக்கொண்டுதான் இருந்தது.

அவன் உடம்பு சூடு ஆறுவதற்குள் தளவாய் மைக்கைப் பிடித்துவிட்டார். அம்மன் தன் பிள்ளையைத் தன் காலடியிலேயே எடுத்துக்கொண்டாள் என்றார், ஆயிரம் தவம் செய்தவனுக்கும் கிடைக்காத சாவு என்றார், கொடுத்துவைத்தவன் என்றார். கூட்டம் குலவை போட்டது. முப்பிடாதி அங்கேதான் இருந்தாள், புருசன் தலையை மடியில் வைத்துக்கொண்டு; அவள் தலைக்குமேல் குலவை போட்டார்கள். அம்மனுக்குப் பட்டுப்பாவாடை தைக்கிறவளே அவள்தான், அன்றைக்கு அம்மன் கட்டியிருந்த அரக்குப் பாவாடையும் அவள் தைத்ததுதான், அந்தப் பாவாடைக்குக் கீழேதான் அவன் கிடந்தான். மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். "சாமி காரியத்துல போயிக் கேசு கீசுன்னு அலையாதம்மா, ஊரு தாங்காது" என்று தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சட்டம் படித்தவர்கள், சம்பளம் வாங்குகிறவர்கள், வெட்கமில்லாமல் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் விழாக்குழு தேரடியில் ஒரு கூட்டம் போட்டது. சுடலைமணி படத்துக்கு மாலை, கண்ணாடி போட்ட அம்மன் படம் ஒன்று முப்பிடாதிக்கு. தளவாய் பழைய பேச்சையே இன்னும் கொஞ்சம் கண்ணீர் சேர்த்துப் பேசினார், அம்மன் எடுத்துக்கொண்டாள், அம்மன் எடுத்துக்கொண்டாள் என்று மூச்சுக்கு ஒருதரம் சொன்னார். பிறகு நன்றி சொல்லச் சொல்லி அவளை எழுப்பிவிட்டார்கள். குழாய்க்கும் கம்பத்துக்கும் நடுவே நின்று, மைக்கைத் தள்ளிவிட்டு அவள் சொன்னாள்:

"எம் புருசனக் கொன்னது அம்மன்தான்னு சொல்லுதியளே, அப்படின்னா அம்மன் கொலைகாரி. அவ கொலைகாரி இல்லன்னா, வெளக்க அணைக்காதவன் கொலைகாரன். ரெண்டுல எதுன்னு சொல்லுங்க."

இதுதான் அந்தப் பேச்சு. ஆனால் இந்தப் பேச்சு முழுசாக ஊரில் ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. ஏனென்றால் சாமியைப் பற்றித் தகாத வார்த்தை காதில் விழுந்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு "தாயே தாயே" என்று சொல்ல வேண்டும் என்பது வெள்ளோடைப்பட்டியில் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போதே சொல்லிக்கொடுக்கிற பழக்கம். 'அம்மன் கொலைகாரி' என்றதும் அத்தனை கையும் அத்தனை காதுக்கும் போயிற்று. அவள் உதடு அதற்குப் பிறகும் அசைந்ததை எல்லாரும் பார்த்தார்கள். என்ன சொன்னாள் என்று யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் யாருக்கும் வரவில்லை. போனில் படம் பிடித்தவன் ஒருத்தன் அந்த இரண்டு வார்த்தையை மட்டும் நறுக்கி எடுத்து அனுப்பினான். வெள்ளோடையம்மன் என்று ஒரு சாமி இருப்பதே அதுவரை தெரியாத ஊர்களிலெல்லாம் அன்று சாயங்காலத்துக்குள் மனம் புண்பட்டுவிட்டது.

புண்பட்ட மனங்கள் வரிசையில் வந்து புகார் கொடுத்தன. அவள் புருசன் செத்ததற்கு எழுத மறுத்த அதே மேசையில் இதற்கு எழுத ஆள் பற்றாமல் பக்கத்து ஸ்டேஷனிலிருந்து ரைட்டரைக் கூட்டி வந்தார்கள். பக்கத்துத் தெரு சர்ச்சிலிருந்தும் பள்ளிவாசலிலிருந்தும் பெரிய மனிதர்கள் வந்து, எந்தச் சாமியையும் யாரும் பேசக் கூடாது என்று தளவாயின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். நாளைக்கு நமக்கும் தேவைப்படும் என்கிற கணக்கு எல்லாருக்கும் இருந்தது. முப்பிடாதி மேல் வழக்குப் போட்டு, தினமும் ஸ்டேஷனில் வந்து கையெழுத்துப் போடச் சொன்னார்கள். தைக்கக் கொடுத்த ஜாக்கெட் துணிகளைப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாங்கிப் போனார்கள், பாதி தைத்ததையும் ஊசி குத்தியிருந்தபடியே வாங்கிப் போனார்கள். ஒரு துணிகூட இல்லாத கடையில், மிஷினுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்துவிட்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

பேச்சு மட்டும் தேரடியில் நின்றது. முதல் வாரம் ஊர் அதைப் பார்த்து விலகிப் போயிற்று, அடுத்த வாரம் பழகிக்கொண்டது. குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள் அந்த இடத்தைச் சுற்றிக் குடத்தைக் கொண்டுபோகப் பழகினார்கள், மினிபஸ்காரன் ஸ்டாப்பை நாலு கடை தள்ளி மாற்றினான், பிள்ளைகள் உள்ளே ஓடி வெளியே ஓடி விளையாடி முதுகில் அடி வாங்கினார்கள். பிறகு வெளியூர்க்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். மனம் புண்படுவதற்கென்றே வேன் பிடித்து, புளியோதரை கட்டிக்கொண்டு, குடும்பத்தோடு வந்து வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருத்தராக அந்த இடத்துக்குள் கால் வைத்தார்கள், முதல் வார்த்தைகளைக் கேட்டார்கள், காதைப் பொத்தினார்கள், தாயே தாயே என்று வெளியே ஓடி வந்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ குடித்தார்கள், அப்படியே குற்றாலத்துக்குக் குளிக்கப் போனார்கள். டீக்கடைக்காரர் இன்னொரு பாய்லர் வாங்கிப் போட்டார்.

தளவாய் சும்மா இருக்கவில்லை. மஞ்சத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார், மந்திரம் சொல்ல ஆள் கூட்டி வந்து பார்த்தார். கம்பத்தில் குழாய் ஸ்பீக்கர் நாலைக் கட்டி விடிய விடிய அம்மன் பாட்டுப் போட்டார். ஊர் முழுக்கக் காது கிழிந்தது, அந்த ஒரு இடத்தில் மட்டும் பாட்டுக் கேட்கவில்லை, முப்பிடாதி குரல்தான் நிதானமாகக் கேட்டது. கடைசியில் நாலு பக்கமும் செங்கல் வைத்து அடைக்கச் சொன்னார். கட்டிய கொத்தனார் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கட்டினார். சுவர் எழும்பியதும் பேச்சு சுவருக்கு வெளியே ஒரு முழம் தள்ளி வந்து நின்றுகொண்டது. இவ்வளவு செய்தவர்களில் ஒருத்தருக்காவது, அந்த விளக்கை யார் அணைக்காமல் விட்டது என்று கேட்க வாய் வரவில்லையே, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

முப்பிடாதி தினமும் ஸ்டேஷனுக்கு அந்த வழியாகத்தான் போனாள். போகும்போது நின்று தன் குரலைக் கேட்பாள். எவ்வளவு பணிவாகப் பேசியிருக்கிறோம் என்று அவளுக்கு ஆத்திரமாக வரும். இன்னும் நன்றாகக் கத்தியிருக்கலாம், தளவாய் பேரைச் சொல்லியே கத்தியிருக்கலாம் என்று தோன்றும். தளவாய் தன் மச்சினரை அனுப்பினார். "அதே எடத்துல நின்னு தெரியாம சொல்லிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க மைனி. பேச்சும் போயிரும், கேசும் போயிரும்" என்றார் அவர்.

"நான் தெரிஞ்சுதான சொன்னேன்" என்றாள் முப்பிடாதி. "அதத் திருப்பி எடுத்துக்கிட்டா எம் புருசன் அம்மன் எடுத்துக்கிட்டதாவே போயிருவான். ஒங்க மச்சான் கையக் கழுவிட்டுச் சாப்பிட உக்காந்துருவாரு. போயி அவரச் சாப்பிடாம இருக்கச் சொல்லுங்க."

வந்தவர்களில் கோமு மட்டும் வேறு. கோமு அடுத்த வீட்டுக்காரி, முப்பிடாதியோடு சேர்ந்து பீடி சுற்றி வளர்ந்தவள், வருசா வருசம் அம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவள். புருசன் விட்டுப் போனபோதும், பிள்ளைக்கு மூளைக்காய்ச்சல் வந்தபோதும் அம்மன் காலைத் தவிர அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்கவில்லை. அவள் வேன் பிடித்து வந்து புண்பட்டவள் இல்லை. பின்வாசல் வழியாக வந்து, உட்காராமல் நின்றுகொண்டே அழுதாள்.

"ஏளா, எங்க அம்மையப் பேசுனா எப்படி இருக்கும், அப்படி இருந்துச்சுளா எனக்கு. ராத்திரி சோறு எறங்கல. நீயா சொன்ன? அவளுக்குப் பாவாட தச்ச கையி, நீயா சொன்ன?"

முப்பிடாதிக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. "ஒனக்கு வலிச்சிருக்கும் கோமு, எனக்குத் தெரியும். ஒனக்கு வலிச்சதுக்கு நான் வருத்தப்படுதேன். ஆனா சொன்னது சொன்னதுதான். அவ எனக்கும் அம்மதான். அம்மகிட்டதான் கேக்க முடியும். நடுவுல வந்து மைக்கப் பிடிச்சானே, அவனுக்கு வலிக்கலையே, அது ஏன்னு யோசி" என்றாள். கோமு யோசிக்கவில்லை, மூக்கைச் சிந்திக்கொண்டு போய்விட்டாள்.

ஆனால் மறுநாள் வெள்ளிக்கிழமை, ஈரத்துணியோடு தேரடிக்கு வந்தாள். நாள் முழுக்க அந்த வார்த்தையை அம்மன் அல்லவா கேட்டுக்கொண்டிருக்கிறாள், அவள் கேட்பதை நானும் கேட்கிறேன், அவளுக்குத் துணையாக நிற்கிறேன் என்று வேண்டிக்கொண்டு, கைகளை மார்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே கால் வைத்தாள். 'அம்மன் கொலைகாரி' என்று கேட்டபோது அவள் உடம்பு தூக்கிப் போட்டது. கை காதுக்குப் போகத் துடித்தது, விடவில்லை. அப்போதுதான் வெள்ளோடைப்பட்டியில் முதல்முறையாக, முப்பிடாதியுடையதைத் தவிர, பொத்தாத ஒரு ஜோடிக் காதில் அந்தப் பேச்சின் மீதியும் விழுந்தது. கோமு நகரவில்லை. மறுபடி கேட்டாள், மறுபடியும் கேட்டாள், தலைத்துணி காய்ந்து வெயில் உச்சிக்கு வரும்வரை கேட்டாள். பிறகு செருப்பில்லாத காலோடு நேராக ரைஸ்மில்லுக்குப் போனாள்.

தளவாய் தவிட்டு மூட்டைகளுக்கு நடுவே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "அண்ணாச்சி, அது ஏச்சு இல்ல, கேள்வி" என்றாள் கோமு. "நீங்க பதில் சொல்லணும்."

"யாத்தா, அந்தப் பேச்ச நீ நின்னு கேட்டியா? பாவம்லா."

"கேட்டேன். முழுசாக் கேட்டேன். நீங்க சொன்னதத்தான அவ திருப்பிக் கேக்கா? அம்மன் எடுத்தான்னு மொதல்ல சொன்னது நீங்கதான? அது நெசமா பொய்யான்னு அந்த எடத்துல வந்து சொல்லுங்க. நீங்க சொல்லுத வரைக்கும் எங்க அம்ம மேல அந்தப் பேரு நிக்கும். நாங்க பொம்பளையள் ஒருத்தியும் காப்புக் கட்ட மாட்டோம்."

காப்புக் கட்டாவிட்டால் கொடைவிழா இல்லை. தீச்சட்டி எடுக்கிற பெண்கள் கையில் மஞ்சள் கயிறு ஏறாமல் அம்மன் கோயில் வாசலில் ஒரு தோரணம்கூடக் கட்டமாட்டார்கள், அது எந்தத் தலைவராலும் மீற முடியாத முறை. கோமு வீடு வீடாகப் போய், "காதப் பொத்தாமக் கேட்டுட்டு வாங்க" என்று சொன்னாள். முணுமுணுத்துக்கொண்டு போனவர்கள் வாயடைத்துத் திரும்பி வந்தார்கள். அடுத்த வருசக் கொடைக்குப் பந்தக்கால் நடுகிற கால்நாட்டு நாள் நெருங்கியபோது ஒரு கையும் கயிற்றுக்கு நீளவில்லை. தளவாய்க்கு வேறு வழி இருக்கவில்லை. ஊரில் பொய்யை மெய்யாக்குவதற்கு இருக்கிற ஒரே வழியான சூடம் அணைத்துச் சத்தியம் செய்வதற்கு ஒப்புக்கொண்டார்.

தேரடியில் ஊர் கூடியது. சுவரை இடித்திருந்தார்கள். முப்பிடாதி குழாயடியில் நின்றாள், யாரும் அவள் பக்கத்தில் நிற்கவில்லை, கோமு மட்டும் வந்து நின்றாள். வெற்றிலையில் சூடம் எரிந்தது. தளவாய் அந்த இடத்துக்குள் போனதும் பேச்சு முதலிலிருந்து கடைசி வரை ஒருதரம் அவர் காதில் சொல்லி முடித்தது. அவர் முகம் வேர்த்ததை எல்லாரும் பார்த்தார்கள். ஆம், விளக்கை நான்தான் அணைக்கவில்லை என்று சொன்னால் ஜெயில். அம்மன்தான் என்று சொன்னால் அம்மன். ஜெயிலில் கம்பி உண்டு, அம்மன் பேசமாட்டாள். அந்த மனிதர் ஆயுசு முழுக்கக் கும்பிட்டதன் லட்சணம் அந்த ஒரு நொடியில் தெரிந்துபோயிற்று. அவர் உள்ளங்கையைச் சூடத்தின் மேல் அமுக்கி, தொண்டை கிழியச் சொன்னார்:

"சுடலைமணியக் கொன்னது அம்மன்தான். இது சத்தியம்."

சூடம் அணைந்தது. முப்பிடாதியின் பேச்சும் அதோடு அடங்கிப் போயிற்று. ஊர் பெருமூச்சு விட்டது. தளவாய் கையை உதறிக்கொண்டு வெளியே வந்து சிரிக்கப் பார்த்தார். கோமு மட்டும் உள்ளே போய்ப் பார்த்தாள். அந்த இடத்தில் இப்போது தளவாய் குரல் நின்றது. 'கொன்னது அம்மன்தான். இது சத்தியம்.' முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கேள்வி இல்லை, 'இல்லன்னா' இல்லை, கற்பூரம் அணைத்த சத்தியமாக அது நின்றது. ஒவ்வொருத்தராக உள்ளே போய்க் கேட்டார்கள். காதைப் பொத்த யாருக்கும் தோன்றவில்லை, பெரிய மனிதர் பேசும்போது காதைப் பொத்தி அவர்களுக்குப் பழக்கமில்லை. கேட்டு முடித்தபிறகுதான் ஒருத்தி, "அம்மனக் கொலைகாரின்னா சொல்லுதாரு?" என்றாள்.

அன்று மத்தியானத்துக்குள் மனம் புண்பட்டவர்கள் அதே ஸ்டேஷனுக்குப் போனார்கள், பலரும் முன்பு முப்பிடாதி மேல் புகார் கொடுத்தவர்கள். இன்ஸ்பெக்டர் முப்பிடாதிக்கு ஆள் அனுப்பினார். இத்தனை நாள் நிற்க வைத்தே கையெழுத்து வாங்கிய இடத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். கோமு அவள் பின்னால் நின்றாள்.

"ஒங்க மேல போட்ட அதே செக்சன்தாம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "அம்மனக் கொலைகாரின்னு ஊருக்கு முன்னால சொல்லிருக்காரு. மொதக் கையெழுத்து நீங்க போட்டா இன்னைக்கே தூக்கிரலாம். ஒங்க கேசும் தன்னால நீர்த்துரும்."

முப்பிடாதி அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். இந்த ஒரு வருசமாக அவளை நார் நாராகக் கிழித்த அதே வரிகள், பெயர் மட்டும் மாறியிருந்தது. கையெழுத்துப் போட்டால் தளவாய் தேரடி வழியாக விலங்கோடு போவார். அதைப் பார்க்க அவளுக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பது அவளுக்குத்தான் தெரியும். பேனாவை எடுத்தவள் மேசையில் ஓங்கி வைத்தாள்.

"வேண்டாம். அம்மன அவரு என்ன சொன்னாருங்கது அவருக்கும் அவளுக்கும் உள்ளது. பேசுனதுக்கு என்னையப் பிடிச்சதும் தப்பு, அவரப் பிடிக்கதும் தப்பு. சாமிக்கு வலிச்சுது சாமிக்கு வலிச்சுதுன்னு ஒரு வருசமா எழுதுதியளே, செத்தவனுக்கு எப்ப எழுதுவிய? வெளக்கு எரிஞ்சுதுன்னு எழுதுங்க. அணைக்கச் சொல்லிக் கத்துனான்னு எழுதுங்க. அணைக்கலன்னு எழுதுங்க. அதுக்குக் கையெழுத்துப் போடுதேன்."

இன்ஸ்பெக்டர் நெற்றியைத் தடவினார். "அதுக்குச் சாட்சி வேணும்லாம்மா. அன்னைக்கு நின்னவங்க அத்தன பேரும் அம்மன் செயல்னுதான சொன்னாங்க."

"நான் பாத்தேன்" என்றாள் கோமு. சுடலைமணி செத்த அன்று அவள் தலையில் தீச்சட்டி இருந்தது, சப்பரத்துக்கு நேர் முன்னால்தான் நடந்து வந்தாள். "சுடல அண்ணன் கத்துனதக் கேட்டேன். இவரு பொறுலேன்னு சொன்னதயும் கேட்டேன். கேட்டுட்டுத்தான் கொலவ போட்டேன்." அவள் அழவில்லை, முப்பிடாதியின் முகத்தையும் பார்க்கவில்லை. "எழுதுங்க சார்."

வெளியே புண்பட்டவர்கள் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் ரைட்டரைக் கூப்பிட்டுச் சன்னலைச் சாத்தச் சொன்னார், அந்தப் பழைய தாளைத் தள்ளிவைத்துவிட்டுப் புதுத் தாளை இழுத்தார்.

"செத்தவர் பேரு என்னம்மா?" என்று கேட்டார்.

அவன் செத்த நாளிலிருந்து அந்தக் கட்டிடத்தில் ஒருத்தரும் கேட்காத கேள்வி அது. முப்பிடாதி எழுந்து நின்றுகொண்டு, வெளியே நிற்பவர்களுக்கும் கேட்கும்படி அவன் பெயரைச் சொன்னாள்.